சொல்லிக்கொடுத்த பதில்

கதவைச் சாத்தும்போது செங்கோடன் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவே மாரப்பனுக்குப் பாதி நிம்மதியாக இருந்தது, திரும்பிப் பார்த்தால் முகம் கோணும், முகம் கோணினால் அழுகை வரும், அழுகை வந்தால் மூக்கைச் சட்டையில்தான் துடைப்பான், கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்து, பஸ்ஸில் யாரும் இடித்துக் கசக்காமல் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டி வந்த வெள்ளைச் சட்டை. ஐம்பதைத் தாண்டிய தம்பி. தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, நெற்றியில் திருநீறு இட்டு, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று காலையில் கண்ணாடி முன்னால் நிறுத்தியதும், கண்ணாடிக்குள் நின்ற ஆளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அது ஞாபகம் வந்து மாரப்பன் இப்போது தனியாகச் சிரித்தார், பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மாவட்ட ஆஸ்பத்திரியின் மாடி வராந்தா. பினாயில் வாசனை, அதற்குள் யாரோ பிரித்த புளிச்சோற்றின் வாசனை. இருமியதும் கை தானாக நெஞ்சுக்குப் போனது. ஒன்றுமில்லை, சளிதான். புரட்டாசியில் வந்தது இப்படியா வந்தது, அது வேறு, யாரோ முழங்காலை நெஞ்சின்மேல் ஊன்றி ஏறி நின்ற மாதிரி, கோழிப்பண்ணை வாசலில் காவல் கட்டிலில் கிடந்தபோது, செத்துவிடுவோம் என்ற பயம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது இவனுக்கு ராத்திரிக்குச் சோறு யார் போடுவார் என்பதுதான். பிழைத்து வந்த பிறகும் அது போகவில்லை. சுகரும் பிரஷரும் என்று மாத்திரை கொடுத்தார்கள், அதற்கு மாத்திரை இல்லை. மாத்திரை கொண்டுவந்து தரும் கிராம நர்ஸிடம் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்தான் கேட்டது, உங்கள் தம்பியை ஒரு தடவைகூட எங்கேயும் காட்டிச் சோதித்து அளந்து பார்க்கவில்லையா என்று. அளந்து பார்க்க அவனென்ன நெல்லா என்று கேட்டார் மாரப்பன். அது கோபித்துக்கொள்ளவில்லை. டவுனில் ஒரு மையம் இருக்கிறது, காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், மத்தியானச் சோறு போட்டு, காகிதக் கவர் ஒட்டவோ கால்மிதி பின்னவோ சொல்லிக்கொடுத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடும், யாருமில்லாமல் போனால் அங்கேயே தங்கவும் இடம் உண்டு, ஆனால் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள் என்றது. யாருமில்லாமல் போனால். அந்த வார்த்தையை அது சும்மா சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டது. மாரப்பன் அதை வைத்துக்கொண்டு பல நாள் படுத்துக் கிடந்தார்.

டாக்டர் பார்ப்பது என்றால் கேள்வி கேட்பது. கேள்வி கேட்டால் பதில் தெரிய வேண்டும். இதில் மாரப்பனுக்குச் சந்தேகமே இல்லை, அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம் என்றாலும் அந்தக் கொஞ்ச காலத்தில் கண்டது இதுதான், பதில் தெரியாதவனைத்தான் வெளியே அனுப்புவார்கள். செங்கோடனை ஒண்ணாம் வகுப்பில் உட்காரவைத்த அன்றைக்கே, ராமலிங்க வாத்தியார் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்து, ஐந்தாம் வகுப்பிலிருந்த மாரப்பனைக் கூப்பிட்டு, உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போ, இவனுக்கு ஒதுக்குகிற இடத்தில் நாலு பேர் படிப்பார்கள் என்றார். கூட்டிக்கொண்டு போன மாரப்பனும் அப்புறம் பள்ளிக்கூடம் வரவில்லை, அப்பனும் ஆத்தாளும் காட்டு வேலைக்குப் போய்விட்டால் இவனை யார் பார்ப்பது. வாத்தியார் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இருந்தாலும் அந்தத் தெருவழியாகப் போனால் அவர் வீட்டுச் சுவரைப் பார்த்துக் காறித் துப்பாமல் மாரப்பன் போவதில்லை, இப்போது அங்கே குடியிருப்பவர்கள் வேறு யாரோ, பாவம், அவர்களுக்கு எதற்கென்றே தெரியாது. ஆகவே இந்தத் தடவை பதில் தெரியாமல் போகக்கூடாது. முட்டை பொறுக்கும் நேரத்திலும், தண்ணீர்க் குழாயடியிலும், படுக்கும்போதும் சொல்லிக்கொடுத்தார். உம் பேரென்ன, செங்கோடன். அப்பன் பேரென்ன, அங்கமுத்து. வெண்டைக்காய் என்ன கலர், பச்சை. தக்காளி, சிவப்பு. முதலமைச்சர் யார், அதற்கு மட்டும் பல்லைக் காட்டுவான். இன்றைக்கு என்ன கிழமை, வியாழக்கிழமை. டாக்டர் வந்து பார்க்கும் முகாம் வியாழக்கிழமை என்றுதான் நர்ஸ் சொன்னது, அதனால் எல்லா நாளையும் போட்டுக் குழப்பாமல் அந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடிக்கவைத்தார். மூன்று வியாழக்கிழமைக்கு முந்தியே செங்கோடனுக்கு எல்லா நாளும் வியாழக்கிழமை ஆகிவிட்டது. நன்றாகப் பிடித்துக்கொண்டான் என்று மாரப்பனுக்கு அவ்வளவு பெருமை. நேற்றுப் பெய்த மழையில் ஆஸ்பத்திரிக்குள் முழங்கால் தண்ணீர், முகாம் நாளைக்கு என்று போன் வந்தது. சரி, நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். இப்போது, இந்த நாற்காலியில், எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் கொட்டை எழுத்தில் வெள்ளி என்று பார்த்ததும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். அதே சமயம் கதவுக்குப் பின்னால், இவ்வளவு சத்தமாகப் பேசத் தெரியுமா என்று ஆச்சரியப்படும்படி, செங்கோடனின் குரல் கேட்டது.

"வியாழக்கெழம."

மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு. மழையைத் திட்டுவதா, நர்ஸைத் திட்டுவதா என்று ஒரு நிமிஷம் தேடினார், யாரையாவது திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், அது அவருக்குப் பழக்கம். மனதுக்குள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், அவரவர் இடத்தில், தொழுவத்தில் கட்டிய மாடுகள் மாதிரி, எந்த நேரம் போனாலும் தடவிப் பார்க்கலாம். தங்கை கல்யாணத்தன்றைக்குக் காதோரத்தில் கத்தியைப் பட வைத்த நாவிதர். சில்லறை தராமல் விசில் ஊதிய கண்டக்டர். வாத்தியார். எல்லாருக்கும் மேலே, முன்வரிசையில், நல்ல தீனி தின்று கொழுத்து நிற்பவன் குப்பணன், பேரைக்கூடச் சொல்ல மாட்டார், டீக்கடைக்காரன் என்றுதான் சொல்வார். ஊர் பஸ் ஸ்டாப் அவன் கடைக்கு எதிரில். அதனாலேயே மாரப்பன் அங்கே பஸ் ஏறுவதில்லை, இத்தனை வருஷமும் தார்ரோட்டோடு நடந்து மேட்டுக்கடை ஸ்டாப்புக்குப் போய்த்தான் ஏறுவார். இன்று காலை சேறும் சகதியுமாகக் கிடந்தது, செங்கோடன் அந்த டீக்கடைப் பக்கமே இழுத்தான், அவிழ்த்துவிட்ட மாடு தொழுவத்துக்கு இழுப்பதுபோல, செருப்பில் சேறு ஏறும் என்று பார்க்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கடையில் என்னதான் கண்டானோ. பஜ்ஜி வாசனையாக இருக்கும். ஊரில் மாரப்பனுக்குப் பகையில்லாத ஒரே ஆள் மாரியம்மன் கோயில் பூசாரி. சாயங்காலமானால் செங்கோடன் கிளம்பிவிடுவான், கோயிலுக்கா என்று கேட்டால் தலையை ஆட்டுவான், இருட்டுவதற்குள் வந்துவிடுவான், வாயெல்லாம் எண்ணெய் மினுங்க, சட்டைப் பையில் காகிதம் சுருட்டி, அதற்குள் அண்ணனுக்கென்று கொஞ்சம் சுண்டல், சில நாள் ஒரு வடை. கை வெங்காயமாக நாறும், அன்னதானத்துக்கு உரிக்கச் சொல்கிறார்கள் போல, நல்லதுதான், ஒரு ஆளாக மதித்து வேலை சொல்கிறார்களே. இப்படிக்கூட மனுஷன் இருக்கிறானே என்று பூசாரிமேல் அவருக்குத் தனி மரியாதை. பொங்கலுக்குப் பொங்கல் பண்ணைக்குப் பின்னால் வெட்டும் வாழையில் நல்ல தாராகப் பார்த்து ஒன்றைப் பூசாரி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பூசாரியும் எதற்கு இதெல்லாம் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை, வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார். பெரிய மனுஷன்.

துண்டை யாரோ இழுத்தார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்ணின் மகள், பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும், தலை ஒருபக்கம் சாய்ந்தபடி, அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்து மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தது. இருக்கட்டும் என்று தோளைத் தாழ்த்திக் கொடுத்தார். வெதுவெதுப்பான சின்ன விரல்கள். செங்கோடனும் இப்படித்தான், இந்த வயதில், ஆத்தாளின் சேலைத் தலைப்பை. கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் சத்தம் வராது. அதன் தாய் பேச்சுக் கொடுத்தாள். பேர் செல்வராணி, தறிப்பட்டறையில் வேலை, மூன்றாவது தடவையாக வருகிறாளாம். உங்களுடையது பையனா என்றாள், தம்பி என்றார், இந்த வயதில்தான் கூட்டி வருகிறீர்களா என்று கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினாள், அதனால் அவளைப் பிடித்துப்போயிற்று. உள்ளே என்னவெல்லாம் கேட்பார்கள் என்று விசாரித்தார். சாமான்களைக் காட்டிக் கேட்பார்கள், கட்டையை அடுக்கச் சொல்வார்கள், சட்டைப் பொத்தானைப் போடச் சொல்வார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், எல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டி வந்திருக்கிறேன், கிழமை ஒன்றுதான் தப்பிப்போயிற்று என்று அவர் சொன்னதும் நிறுத்திவிட்டாள்.

"அய்யோ, சொல்லிக்குடுத்தா கூட்டியாந்தீங்க?"

"ஏனுங்க, கூடாதுங்களா?"

"என்ன தெரியும்னு பாக்கறதுக்கு இல்லீங்கண்ணா இது. எதுக்கெல்லாம் கூட ஒரு ஆள் வேணும்னு பாக்கறது. எல்லாத்துக்கும் கரெக்டா சொல்லிட்டார்னு வைங்க, இவுருக்கு ஒண்ணும் தேவையில்லைன்னு எழுதிப்போடுவாங்க. நானும் மொதத் தடவ இப்பிடித்தான். பாட்டெல்லாம் சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்தேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

மாரப்பன் மூடிய கதவைப் பார்த்தார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. அப்படியானால் பச்சை என்று சொன்னது தப்பு. அங்கமுத்து என்று சொன்னது தப்பு. வியாழக்கிழமை என்று சொன்னது, இது தப்பான பதில், அப்படியென்றால் அது சரி, அந்த ஒன்றுதான் சரி, மழை பெய்ததால் அந்த ஒன்றாவது மிஞ்சியது, மழையைத் திட்டாமல் விட்டது நல்லதாயிற்று. ஆனால் மற்றதெல்லாம். குழாயடியில் நின்று, சொல்லாவிட்டால் சோறில்லை என்று மிரட்டிக்கூடச் சொல்லிக்கொடுத்ததெல்லாம். யாருமில்லாமல் போனால் தங்கும் இடத்தைத் தன் கையாலேயே சாத்திவிட்டாரா. எழுந்தார். துண்டு அந்தச் சிறுமியின் கையோடு நின்றுவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கினார், தட்டி, அம்மா, அவனுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது, அவனுக்குப் பொத்தான்கூடப் போடத் தெரியாது, பஸ் நம்பர் தெரியாது, நூறு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது என்று சொல்லிவிடலாம். கை மேலேயே நின்றது. உள்ளே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பான். அவன் முகத்துக்கு நேராக, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது. ஊரில் யாராவது சொன்னால் கையை ஓங்கிக்கொண்டு போயிருக்கிறார், அதற்காகவே எத்தனை பேரோடு பேச்சு நின்றது. மரத்தில் மோதி உருளும் கட்டைச் சத்தம் கேட்டது. அப்புறம் செங்கோடனின் சிரிப்பு. அவன் சிரிப்பை வெளியாட்கள் கேட்டால் பயப்படுவார்கள், மூச்சைத் திணறி உள்ளே இழுக்கும் சிரிப்பு, உள்ளே இருக்கும் பெண்ணும் கூடச் சிரித்தது. மாரப்பன் கையை இறக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். சிறுமி துண்டின் நுனியை மறுபடி எடுத்துக்கொண்டது. வெசனப்படாதீங்கண்ணா, இந்த டாக்டரம்மா நல்லவங்க என்றாள் செல்வராணி.

வெளியாட்கள் முன்னால் அவனை உட்காரவைப்பது. இன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைத்தார், இல்லை, இரண்டாம் தடவை. முதல் தடவை உட்காரவைத்தவன் அந்த டீக்கடைக்காரன். தங்கை பாவாயியைப் பெண் பார்க்க வந்த நாள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரிதான் அவர்களும் செய்தார்கள், பெண் பார்க்க ஒறம்பரை வருகிறார்கள் என்றால் செங்கோடனுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து, மோட்டார்க் கொட்டகைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு வருவது, அது மாரப்பனின் வேலை. கொட்டகையில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பான், ஒரு தொந்தரவும் இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்து கேசரி தட்டு கைக்கு வந்த நேரம், வாசலில் குப்பணன். பெரியப்பன் மகன் என்று மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு கூடவே செங்கோடன், வாய்க்காலில் குளிப்பாட்டித் தலை துவட்டி, குப்பணன் தன் புதுச்சட்டையைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, தான் வெறும் துண்டோடு. மாப்பிள்ளையின் மாமனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். இவனும் இந்த வீட்டுப் பையந்தானுங்க என்றான். எல்லாரும் கேசரியைப் பார்த்தார்கள். செங்கோடன் மாமனைப் பார்த்துக் கும்பிடு போட்டான். ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்தது. பாவாயி அப்புறம் கரூரில் வாக்கப்பட்டு, மச்சான் தங்கமான மனுஷன், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், செங்கோடனுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி வேட்டி அனுப்புகிறாள், அதெல்லாம் கணக்கில்லை, அது வேறு. அந்தக் கேசரித் தட்டு வேறு. பாவாயிகூடக் கேட்டாள், இன்னுமா அண்ணா அதை வைத்திருக்கிறாய் என்று. வைத்திருக்கிறேன், உனக்கென்ன. நினைத்தால் இப்போதும் நெஞ்சுக்குள் சூடாக, கிட்டத்தட்ட சுகமாக, குளிரில் கம்பளி போர்த்திய மாதிரி இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதில் எதுவோ நெருடியது. சட்டை. அவனும் அன்றைக்குச் சட்டை மாட்டித்தான் கூட்டி வந்தான். தலையும் வாரியிருந்தான். மாரப்பன் அதை அப்படியே நகர்த்திவைத்தார். அவன் செய்தது வேறு, இது வேறு. இங்கே டாக்டர் இருக்கிறார்.

கதவு திறந்து அவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மேசைமேல் கலர் கலராக மரக்கட்டைகள், வளையங்கள். செங்கோடன் ஐந்து விரலிலும் வளையம் மாட்டிக்கொண்டு, மோதிரம் என்று காட்டினான். சட்டை கசங்கவில்லை. டாக்டரம்மா சின்ன வயது, கண்ணாடி போட்டிருந்தது, உட்காரச் சொன்னது. உங்கள் தம்பி என்னைக் கேட்கவே விடவில்லை, நான் வணக்கம் சொன்னதும் செங்கோடன், அங்கமுத்து, பச்சை, சிவப்பு, வியாழக்கிழமை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்றது. சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே என்று கேட்டது. கோபமில்லை, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிய மாதிரி இருந்தது. சும்மா ரெண்டு வார்த்தைங்கம்மா என்றார் மாரப்பன். அதையெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை, சொல்லிக்கொடுக்காததைக் கேட்டேன் என்றது. எதற்கெல்லாம் ஆள் துணை வேண்டும், எதைத் தானாகச் செய்கிறார் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. ரோடு தாண்ட ஆள் வேண்டும், காசு கொடுத்து வாங்க ஆள் வேண்டும், மாத்திரை கொடுக்க ஆள் வேண்டும். இதுவரை யாரும் அவனைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி மாரப்பன் கேட்டதில்லை, இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள், இந்தப் பெண் முடிக்காமல் பேசுகிறதே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மையத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னபோது, சரிங்க என்று மட்டும் சொன்னார், துண்டை வெளியே விட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது, முகம் துடைக்க ஒன்றும் இல்லை. அப்புறம் டாக்டரம்மா சொன்னது, கை வேலை நன்றாக வரும் போலிருக்கிறது, தினமும் சாயங்காலம் ஒரு இடத்தில் வெங்காயம் உரிக்கிறாராமே. ஆமாங்க, கோயில்ல என்றார் மாரப்பன் பெருமையாக.

"கோயிலில்ல. கட" என்றான் செங்கோடன். "வெங்காயம் உரிப்பேன். கண்ணு எரியும். குப்பணண்ணன் ஊதிவுடும்."

மேசையின் விளிம்பு கைக்குக் கிடைத்தது, பிடித்துக்கொண்டார். வடை. சுண்டல். எண்ணெய் மினுங்கிய வாய். கோயிலுக்கா என்று கேட்டால் தலையை ஆட்டுவான், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுபவன்தானே, கேட்டது யார், கோயில் என்று சொன்னது யார். அந்தப் பூசாரி. பொங்கலுக்குப் பொங்கல் வாழைத்தாரை வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டானே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டானா. ஊரே பார்த்திருக்கும். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவனை யார் பார்க்காமல் இருப்பார்கள், அவர் ஒருவரைத் தவிர, அவர்தான் மேட்டுக்கடைக்கு நடந்து போகிறாரே. இவர் காதுக்குக் கொண்டுவரப் பயந்துகொண்டு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இவர் தின்ற வடை. இத்தனை வருஷம். நல்ல வடை, அதுவும் உண்மை. டாக்டரம்மா எதையும் கவனிக்காமல் அடுத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தது, நீங்கள் புரட்டாசியில் ஆஸ்பத்திரியில் இருந்தீர்களாமே, அப்போது இவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. பண்ணை முதலாளி வீட்டில் என்று சொல்ல வாயெடுத்தார். முதலாளி போனில் எல்லாம் நடக்கிறது, கவலைப்படாதே என்றுதான் சொன்னார். யார் நடத்தினார் என்று இவரும் கேட்கவில்லை.

"குப்பணண்ணன்" என்றான் செங்கோடன். "தோச. ராத்திரி அங்கதான் தூக்கம். அண்ணன் செத்துப்போச்சான்னு கேட்டேன். இல்லீன்னுது. வந்துரும்னுது."

வளையத்தை ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். நான் போய்விட்டால் யார் என்று ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக் கிடந்தாரே, கேள்வியை இவனிடம் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பான், இவரோ வெண்டைக்காய் என்ன கலர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அது ரொம்ப நல்லது, ஒருத்தர் மட்டுமே பார்த்துக்கொண்டால்தான் எங்களுக்கும் பயம், இவருக்குப் பழக்கமான இன்னொரு ஆள் இருக்கிறார் என்பது பெரிய விஷயம், மையத்திலும் இரண்டாவதாக ஒரு ஆளைக் கேட்பார்கள், அவர் பேரையே கொடுத்துவிடலாம் என்றது. அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது. யாருமில்லை என்று சொல்லலாம். ஊர்க்காரர் என்று சொல்லலாம். டீக்கடைக்காரன் என்று, இத்தனை வருஷம் சொன்ன மாதிரியே. கேசரித் தட்டு வந்து நின்றது, பாயில் உட்கார்ந்த மாமன், வெறும் துண்டோடு நின்ற அவன், இவனும் இந்த வீட்டுப் பையந்தானுங்க. அதை விட்டுவிட மாட்டார், எங்கே போகப்போகிறது, அது இருக்கட்டும் அங்கேயே. செங்கோடன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், குழாயடியில் அவர் அவன் வாயைப் பார்த்த மாதிரி, சொல், சொல் என்று. மாரப்பன் தொண்டையைச் செருமினார்.

"எங்க பெரியப்பன் மகனுங்க. பேரு குப்பணன். அண்ணன் முறையாவணும்."

செங்கோடன் கை தட்டினான், வளையங்கள் தரையில் உருண்டன.

வெளியே வந்ததும் செல்வராணி துண்டை நீட்டினாள், நுனி நாலாக மடிந்து கசங்கியிருந்தது, அந்த மடிப்போடேயே தோளில் போட்டுக்கொண்டார். என்ன சொன்னார்கள் என்றாள், எழுதிக் கொடுக்கிறாங்களாமுங்க என்றார், உன் பிள்ளைக்கும் ஆகும் அம்மிணி என்று சொல்லிச் சிறுமியின் தலையைத் தடவிக்கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் செங்கோடன், மழை கழுவிவிட்ட பருத்திக்காட்டைப் பார்த்துப் பச்சை பச்சை என்று சொல்லிக்கொண்டே வந்தான், யாரும் கேட்காமலே. சட்டை இப்போது கசங்கினாலும் பரவாயில்லை. மாரப்பனுக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார், துடிக்கிறது, துடிக்கட்டும். ஆனால் குப்பணனை இருந்த இடத்திலிருந்து நகர்த்தவேண்டி வந்ததில் முன்வரிசை காலியாகத் தெரிந்தது, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி மனசு அங்கேயே போய்ப்போய் வந்தது. பூசாரியைப் பிடித்து அந்த இடத்தில் கட்டினார். வாழைத்தாரை ஒவ்வொன்றாக நினைத்துப்பார்த்தார், ரஸ்தாளி, பூவன், ஒரு வருஷம் செவ்வாழை. செவ்வாழை. நன்றாகச் சூடு ஏறியது. சரி, பரவாயில்லை. மேட்டுக்கடை ஸ்டாப் வந்தது, எழுந்திருக்கவில்லை. செங்கோடன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். கண்டக்டர்தான் கேட்டார், நீங்கள் இங்கேதானே இறங்குவீர்கள் என்று. இன்னைக்கு உள்ள போய் எறங்கறோம், ஏன், உன்ற டீசலா செலவாகுது என்றார் மாரப்பன்.

கடையில் கூட்டமில்லை. குப்பணனுக்கு முடியெல்லாம் நரைத்து, முதுகு கூனி, வாணலிக்கு முன்னால் நின்றான், கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம், பெரியப்பனை அப்படியே உரித்துவைத்த மாதிரி ஆகிவிட்டான். கரண்டி எண்ணெய்க்குமேலே நின்றது. செங்கோடன் நேராக உள்ளே போய், வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அங்கே தொங்கிய ஒரு பழைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெங்காயக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான், அவனுக்கென்று ஒரு சட்டையே இங்கே இருந்திருக்கிறது. பேசப்போவதில்லை என்று மாரப்பன் பஸ்ஸிலேயே முடிவுசெய்திருந்தார். டீ குடிக்க எதற்குப் பேச்சு. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். மையத்துக்குக் குப்பணன் பேரைக் கொடுத்திருப்பதைச் செங்கோடன் எப்படியும் சொல்லிவிடுவான், இங்கே அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான் போலிருக்கிறது. குப்பணன் டீ போட்டான். ஆற்றி, நுரை பொங்க, கண்ணாடி டம்ளரை அவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான், வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றான், திரும்பிப் போய்ச் செங்கோடனின் கண்ணில் ஊதினான். மாரப்பன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஒரு துளி சர்க்கரை இல்லை. சுகர் விஷயமும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து வீட்டு மனுஷன் வந்து உட்கார்ந்திருக்கிறான், அரைக் கரண்டி போட்டால் என்ன கெட்டுப்போகும், இதை மறக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே, டம்ளரை அடிவரைக்கும் குடித்து முடித்தார்.